பதிலை முன்பே எழுதி வைத்த நிறுவல்

60 கணினிகள் உள்ள ஒரு லேபில் புதிய மென்பொருள் ஒன்றை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். நேரம் போவதைவிட இன்னொரு குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 37-வது கணினிக்கு வரும்போது கை தன்போக்கில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டு போகும். எங்கோ ஒரு டிக் விட்டுப்போகும். அந்த ஒரு கணினி மட்டும் மற்ற 59-இலிருந்து வேறுபட்டு நிற்கும். ஏன் என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்குத்தான் 'சைலண்ட் இன்ஸ்டால்', அதாவது திரையில் எதையும் கேட்காமல் நிறுவுவது. பெயரைக் கேட்டால் கேள்விகளின் வாயைக் கட்டிவிடுவதுபோல் இருக்கும். ஆனால் எந்த டிரைவில் உட்கார வேண்டும், எந்த மொழி, உரிம எண் என்ன என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே பதில்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனில் இந்த ஏற்பாடு மிக அழகாக அமைந்திருக்கிறது. அங்கே மென்பொருள் பொதிகள் நம்மிடம் நேராகக் கேட்பதில்லை. 'டெப்கான்ஃப்' என்ற இடையாளிடம் கேட்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர் உண்டு. லோ, மீடியம், ஹை, கிரிட்டிக்கல் என்ற நான்கில் ஒரு முக்கியத்துவமும் உண்டு. அந்தப் பெயருக்கான பதில் ஏற்கெனவே இருந்தால் டெப்கான்ஃப் அதையே எடுத்துக் கொடுத்துவிடும், திரைக்கு எதுவும் வராது. நேர மண்டலம், விசைப்பலகை, வட்டைப் பிரிக்கும் விதம் என்று இந்தப் பதில்களை வரிவரியாக எழுதிய சாதாரண உரைக்கோப்புக்கு 'ப்ரீசீட்' என்று பெயர். ரெட் ஹேட் என்ற இன்னொரு லினக்ஸ் குடும்பத்தில் இதே வேலையை 'கிக்ஸ்டார்ட்' கோப்பு செய்கிறது. கோப்பு நெட்வொர்க் வழியாகப் போவதால் கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைக்கக் கூடாது. திரும்ப மூலச்சொல்லைப் படிக்க முடியாதபடி மாற்றிய ஹாஷ் வடிவில்தான் வைக்க வேண்டும்.

சரி, இயங்குதளமே இல்லாத காலிக் கணினிக்கு அந்தக் கோப்பு எப்படிப் போய்ச் சேரும்? நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ என்ற வசதி, கணினி விழித்ததும் 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கும். முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சர்வர், முகவரியோடு எந்த சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லும். அந்தச் சிறு கோப்பு இறங்கி, நிறுவும் நிரலைக் கொண்டுவரும். அது ப்ரீசீட் கோப்பைப் படித்து வேலையைத் தொடங்கும். அணைத்து வைத்த கணினியைக்கூட எழுப்பலாம். அதற்கு நெட்வொர்க்கில் ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும். 255 என்ற மதிப்புள்ள 6 பைட்டுகள், அதன் பின்னால் அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை: மொத்தம் 102 பைட். கணினி தூங்கினாலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இந்த வரிசை கேட்டதும் அது கணினியை எழுப்பிவிடும்.

விண்டோஸில் கதை கொஞ்சம் வேறு. எம்எஸ்ஐ என்று முடியும் கோப்பைப் பலர் ஒரு நிரல் என்றே நினைக்கிறார்கள். திறந்து பார்த்தால் அது ஒரு தரவுத்தளம். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதை எழுத வேண்டும் என்று உள்ளே அட்டவணைகள்தான் இருக்கும். திரையில் காட்ட வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை, கணினியில் மாற்ற வேண்டியவற்றுக்கு இன்னொரு வரிசை. நிறுவும் கட்டளையில் 'க்யூஎன்' (/qn) என்று சேர்த்தால் முதல் வரிசையை விண்டோஸ் தொடவே தொடாது. இதனால் ஒரு சிக்கலும் வரும். தயாரித்தவர் அவசியமான ஒரு படியைத் திரை வரிசையில் மட்டும் வைத்திருந்தால், கையால் நிறுவும்போது எல்லாம் சரியாக இருக்கும். சைலண்டாக நிறுவினால் அந்தப் படி ஓடவே ஓடாது. எக்ஸி (.exe) என்று முடியும் நிறுவிகளில் ஆளாளுக்கு ஒரு வழக்கம். நிறுவிகளை உருவாக்கும் என்எஸ்ஐஎஸ் என்ற கருவி கொண்டு செய்தது என்றால், கட்டளையில் பெரிய எழுத்து 'எஸ்' (/S) போட வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் அதற்குப் புரியாது.

இதைவிடக் கடினமானது, சத்தமே இல்லாமல் நடந்த வேலை உண்மையில் நடந்ததா என்று அறிவது. தொலைவிலிருந்து நிறுவும் நிரல் பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கணக்கான 'சிஸ்டம்' கணக்கில், பின்னணி வேலைகளுக்கான செஷன் 0 என்ற இடத்தில் ஓடும். விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து அந்த செஷன் பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. நாம் பதில் எழுதாத ஒரு கேள்வி அங்கே எழுந்தால், அந்தப் பெட்டி யார் கண்ணிலும் படாது. நிறுவல் 'ஓகே' வரும் வரை காத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நேர வரம்பு வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் நிறுவி ஒரு எண்ணைத் தந்துவிட்டுப் போகும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. 3010 என்றாலும் முடிந்ததுதான், ஆனால் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு வா என்று பொருள். 1603 தோல்வி. 0 அல்லாத எல்லாமே தோல்வி என்று எழுதிய ஸ்கிரிப்ட், 3010 வந்த கணினியில் அதே மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஏற்றும். சில நிறுவிகளோ இன்னொரு நிரலைக் கிளப்பிவிட்டு, அது முடிவதற்குள் 0 என்று சொல்லிப் போய்விடும். எண்ணை மட்டும் நம்பாமல், கோப்பு அங்கே இருக்கிறதா, பதிப்பு சரியா என்று தனியாகப் பார்ப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும், அனுப்பியதே பிழையாக இருந்தால்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்த ஒன்றைச் சரிசெய்ய, பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினியைத் தொடங்கி, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அதனால் 60 கணினி லேப் ஆனாலும் முதலில் 5 கணினிக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஒரு நாள் மாணவர்கள் அதில் வேலை செய்யட்டும். அப்புறம் மீதி 55.