வளையத்தில் அந்த இரண்டு விநாடி

வாசகர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன அல்லவா, அதில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் வளையப் பிரிவின் இறுதிச் சுற்று. தங்கம் வாங்கியவர் சீனாவின் லான் ஷிங்யூ, 2021-இல் இதே வளையத்தில் உலக சாம்பியன் ஆனவர். அவருக்கு அடுத்து வெள்ளி வாங்கினார் வியட்நாமின் நுயென் வான் கான் ஃபொங். வாசகரின் கேள்வி இந்த வெள்ளிக்காரரைப் பற்றியது. “கையை விரித்துச் சிலுவை மாதிரி அந்தரத்தில் நிற்கிறார்களே, மூச்சை அடக்கினால் உடம்பு எடை குறையும் என்கிறார்கள். உடம்பை லேசாக்கும் லகிமா சித்தி என்பது இதுதானா?”

இல்லை. ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. அப்படிக் குறையுமானால் அந்த இளைஞர் இத்தனை வருஷம் தோளைக் கட்டிக் கட்டி வளர்த்திருக்க வேண்டியதே இல்லை, மூச்சுப் பயிற்சி வகுப்பே போதும்.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். 5.8 மீட்டர் உயரச் சட்டத்திலிருந்து இரண்டு கம்பிவடங்கள் இறங்குகின்றன. அவற்றின் முனையில், தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரத்தில், இரண்டு வளையங்கள். சும்மா தொங்கும்போது இரண்டுக்கும் இடைவெளி 50 சென்டிமீட்டர். மற்றக் கருவிகள் எல்லாம் தரையில் ஊன்றி நிற்பவை, நகராதவை. வளையம் மட்டும் எந்தப் பக்கமும் நழுவும். விரித்த கைகளை விரித்தபடியே வைத்திருக்கும் பொறுப்பு முழுக்க உடம்புக்குத்தான்.

எவ்வளவு சுமை என்று பத்தாம் வகுப்பு இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். வீரரின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (ஃபொங்கின் எடை அல்ல, கணக்குக்கு வசதியான எண்). புவியீர்ப்பு விசை சுமார் 590 நியூட்டன், கைக்குப் பாதி 295. தோளிலிருந்து உள்ளங்கை வரை 60 சென்டிமீட்டர். ஆக ஒவ்வொரு தோளிலும் திருப்புத்திறன் (மூட்டைத் திருப்பப் பார்க்கும் சுமை, விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது) ஏறக்குறைய 177 நியூட்டன் மீட்டர். வடம் கொஞ்சம் சாய்வதை விட்டுவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பக்கவாட்டில் கை நீட்டிப் பிடித்தால் பாட்டிலால் வருவது 6 நியூட்டன் மீட்டர்தான், அதுவே ஒரு நிமிஷத்தில் கையை நடுங்க வைத்துவிடும்.

இதைத் தாங்குபவை மார்புத் தசையும், ஜிம்முக்குப் போகிறவர்கள் ‘விங்ஸ்’ என்று சொல்லும் முதுகுத் தசையும். அவை தோள் மூட்டின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கின்றன. 60 சென்டிமீட்டர் கைக்கு 5 சென்டிமீட்டர் பிடி! 177-ஐ 0.05-ஆல் வகுத்தால் 3,500 நியூட்டனுக்கு மேல் வரும். அதாவது ஒரு பக்கத்துக்கு 350 கிலோவைத் தூக்குகிற இழுவை. உடம்பின் எடை 60 கிலோ என்பதை மறந்துவிடாதீர்கள்.

வளைய வீரர்கள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒருவரை எல்லாத் திசையிலும் 10 சதவீதம் பெரிதாக்கினால் எடை 1.33 மடங்காகும், கையும் 1.1 மடங்கு நீளும், தோளின் சுமை 1.46 மடங்காகிவிடும். தசையின் பலமோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பிடியின் தூரம் கூடுவதையும் சேர்த்தாலும் 1.33 மடங்குக்கு மேல் போகாது. வளர்த்தி இங்கே அபராதம். ‘ஆசிய உடல்வாகு’ என்று வர்ணனையாளர்கள் பேசுவது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். குட்டையான இத்தாலிக்காரருக்கும் இதே கணக்குதான்.

சரி, இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளியில் என்ன படித்தோம்? விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. சிலுவையில் நிற்பவர் நகரவில்லை, ஆகவே செய்த வேலை சுழியம். பாடப்புத்தகம் இதோடு முடித்துக்கொள்கிறது. ஆனால் அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு விநாடியில் தீர்ந்துபோகிறாரே, அந்த ஆற்றல் எங்கே போகிறது?

தசைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தசை நாரிலும் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் மயோசின் என்ற தடித்த இழைகளும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. மயோசின் இழையிலிருந்து குட்டிக் குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தலை ஆக்டினைப் பிடிக்கும், சாய்ந்து இழுக்கும், விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். தேர் வடத்தை ஊரே பிடித்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் கை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள் அல்லவா, அப்படி. யாரோ சிலர் கையை எடுத்திருக்கும்போது மற்றவர்கள் பிடித்திருப்பதால் வடம் தொய்வதில்லை. விஷயம் என்னவென்றால், பிடித்த தலை விடுபடுவதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்ட வேண்டும். தேர் நகர்ந்தாலும் நகராவிட்டாலும், ஒவ்வொரு பிடி மாற்றத்துக்கும் ஒரு ஏடிபி செலவு.

ஒரு தலையின் இழுவை சில பிக்கோ நியூட்டன்கள். ஒரு பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. தலைக்கு 3 என்று எடுத்துக்கொண்டு 3,500 நியூட்டனை வகுத்துப் பார்த்தேன். ஒரு தோளில், ஒரே கணத்தில், பத்துக் கோடிக் கோடித் தலைகள் அருகருகே பிடித்திருக்க வேண்டும் என்று வருகிறது. வெளியே சிலை மாதிரி நிற்கிற ஆளுக்குள்ளே இவ்வளவு நடக்கிறது! பாடப்புத்தகத்தின் ‘வேலை சுழியம்’ உடம்புக்கு வெளியே மட்டும் செல்லுபடியாகும். உள்ளே செலவான ஆற்றல் அத்தனையும் வெப்பமாகிறது.

இன்னொன்று. இவ்வளவு இறுக்கமாகச் சுருங்கிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளும். புது ஆக்சிஜன் வராது. கையிருப்பில் இருக்கிற கொஞ்சம் ஏடிபியும், அதை உடனே நிரப்பித் தருகிற கிரியேட்டின் பாஸ்பேட்டும்தான் கதி.

அப்புறம், மேலிருந்து மெதுவாக இறங்கிச் சிலுவைக்கு வருவது, கீழிருந்து ஏறி வருவதைவிட எளிது. புவியீர்ப்பு உதவுகிறது என்று சொல்லத் தோன்றும், ஆனால் இரண்டிலும் தோளின் சுமை கிட்டத்தட்ட ஒன்றுதான். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. அப்போது பிடித்த தலைகள் ஏடிபிக்காகக் காத்திராமல் பிய்த்துக்கொண்டு விடுபடுகின்றன. அதனால் அதிக விசையைக் குறைந்த செலவில் தாங்க முடிகிறது. சுருங்கும் வேகம் கூடக்கூடத் தசையின் விசை குறைகிறது என்பதை உடலியங்கியல் அறிஞர் ஏ.வி. ஹில் 1938-இலேயே தவளைத் தசையை வைத்து அளந்து காட்டினார். பயிற்சிக் கூடங்களில் சிலுவையை முதலில் இறங்கிப் பழக்குவது இந்தத் தந்திரத்தை நம்பித்தான்.

மூச்சுக்கு வருவோம். அடக்குவது உண்மைதான். அடக்கினால் வயிற்றிலும் மார்பிலும் அழுத்தம் கூடி உடம்பின் நடுப்பகுதி ஒரு கட்டைபோல் விறைத்துக்கொள்ளும், தோள் தசைகளுக்கு ஊன்றுகோல் கிடைக்கும். மூச்சின் பங்கு அவ்வளவுதான். லகிமாவை நம்புகிறவர்கள் வளையச் சட்டத்தையே வீரரோடு ஒரு எடை மேடையில் ஏற்றிப் பார்க்கலாம், நான் டீ வாங்கித் தருகிறேன்.

விதிப்படி இந்த நிலையை 2 விநாடி பிடிக்க வேண்டும். கை கிடைமட்டத்திலிருந்து 15 டிகிரி வரை விலகினால் 0.1 புள்ளி போகும், 30 வரை 0.3, 45 வரை 0.5, அதற்கும் மேல் போனால் அசைவே கணக்கில் இல்லை. மணிக்கட்டை வளையத்தின் மேல் மடித்து வைத்துக் கையைக் குறுக்கிக்கொண்டாலும் கழிவு உண்டு. நெம்புகோலைச் சில சென்டிமீட்டர் சுருக்கும் திருட்டு அது, நடுவர்கள் இயற்பியல் தெரிந்தவர்கள். வடம் ஆடினாலும் கழிப்பார்கள். மூன்று மீட்டர் வடத்தின் ஊசல் காலம் சுமார் 3.5 விநாடி. ஒருமுறை ஆட்டம் ஏறிவிட்டால் பிடிக்க வேண்டிய 2 விநாடிக்குள் அது அடங்கவே அடங்காது. ஆகையால் நிலைக்கு வரும் முன்பே ஆட்டத்தைக் கொன்றிருக்க வேண்டும்.

ஃபொங் திடீரென்று முளைத்தவர் இல்லை. 2011 டோக்கியோ உலகப் போட்டியில் வியட்நாமின் ஃபான் தி ஹா தான் என்ற பெண் வால்ட்டில் (ஓடி வந்து மேசை மேல் கை ஊன்றித் தாவும் பிரிவு) வெண்கலம் வாங்கினார், 2018 ஆசியப் போட்டியில் லே தான் துங் அதே வால்ட்டில் வெண்கலம், அவரும் தின் ஃபுவோங் தானும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். நமக்கும் 2010 ஆசியப் போட்டியில் ஆஷிஷ் குமாரின் தரைப்பயிற்சி வெண்கலம் இருக்கிறது. பதக்கம் வந்த மறுநாள் காசோலை நீட்டுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் தோளில் எவ்வளவு சுமை ஏறுகிறது என்று அளக்க ஒரு விசை உணரியும் ஒரு ஆய்வு மாணவரும் வேண்டும் என்றால்தான் கோப்பு நகராது. அந்தச் செலவு ஒரு பாராட்டு விழாப் பந்தலுக்கு ஆகிறதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆசிய வெள்ளி இருந்தும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வியட்நாம் ஜிம்னாஸ்ட் யாரும் இல்லை. ஒரே கருவியில் தேர்ந்தவர்களுக்கு உலகக் கோப்பைத் தொடர் வழியாகக் கிடைத்தவை கருவிக்கு 2 இடங்கள்தான்.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார், மொட்டை மாடியில் வளையம் மாட்டி இதை முயலலாமா என்று. தொங்கலாம், புல்-அப்ஸ் எடுக்கலாம். கையை விரிப்பது மட்டும் வேண்டாம். நீட்டி விறைத்த முழங்கையின் உட்பக்கத் தசைநாண்கள் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) மேல் பெரும் சுமை விழுகிறது. தசை சில மாதங்களில் பலமாகிவிடும், தசைநாண் அதைவிட வெகு மெதுவாகத்தான் தேறும். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, இடுப்பில் ரப்பர் பட்டை கட்டி, எடையில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கிற வேலை இது.