நல்ல நம்பர் வரும்வரை

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை இலவச சுகர் முகாம் என்றால், வெள்ளிக்கிழமையே சில வீடுகளில் சோறு பாதியாகிவிடும். பாகற்காய் தலைகாட்டும், காபிக்குச் சர்க்கரை கிடையாது. நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறோம்; ஆனால் பரீட்சைக்குப் படிப்பது போலத் தயாராகிறோம்.

இதை 1984-இல் குவாட்ரோன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தார்கள். 38 பேரை ஐஸ் தண்ணீரில் கையை வைத்துத் தாங்கும்வரை இருக்கச் சொன்னார்கள். அப்புறம் கொஞ்சம் சைக்கிள் மிதிக்கச் சொல்லி, மறுபடி ஐஸ் தண்ணீர். நடுவில் ஒரு கதை: உடற்பயிற்சிக்குப் பின் குளிரைக் கூடுதல் நேரம் தாங்கினால் இதயம் நல்ல வகை, ஆயுசு கெட்டி என்று பாதிப் பேரிடம், தாங்கும் நேரம் குறைந்தால்தான் நல்லது என்று மீதிப் பேரிடம். 27 பேருக்கு நேரம் ‘நல்ல’ பக்கமாகவே நகர்ந்தது. வேண்டுமென்றே செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 9 பேர்தான். கையை எடுப்பதும் வைத்திருப்பதும் இதயத்தை மாற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும்!

1992-இல் டிட்டோ, லோபஸ் என்ற உளவியலாளர்கள் செய்தது இன்னும் குறும்பானது. எச்சிலில் ஒரு என்சைம் இருக்கிறதா என்று காட்டும் என்று சொல்லி மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். அப்படி ஒரு என்சைமே கிடையாது, காகிதமும் நிறம் மாறாது. மாறாவிட்டால் ஆபத்து இல்லை என்று சொல்லக் கேட்டவர்கள் சட்டென்று முடித்துக்கொண்டார்கள். மாறாவிட்டால் ஆபத்து என்று சொல்லக் கேட்டவர்களோ காத்திருந்தார்கள், காகிதத்தைத் திரும்ப நனைத்தார்கள்.

சூட்சுமம் இங்கேதான். தனியாகப் பார்த்தால் இன்னொரு தடவை சோதிப்பது நியாயமான காரியம். ஆனால் கெட்ட செய்தி வந்தால் மட்டும் அதைச் செய்கிறோம். வீட்டு குளுக்கோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்று சர்வதேசத் தர விதியே இடம் கொடுக்கிறது. வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை நோயின் எல்லை. முதல் குத்தலில் 138 வந்தால் ஸ்ட்ரிப் சரியில்லை, கையைச் சரியாகக் கழுவவில்லை என்று அடுத்த விரல். 124 வந்ததும் மெஷினைப் பெட்டியில் வைத்துவிடுவோம். முதலிலேயே 124 வந்திருந்தால் ஸ்ட்ரிப்பைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? மெஷின் இரு பக்கமும் தவறக்கூடியது. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிற நாம்தான் ஒரு பக்கமாகச் சாய்கிறோம்.

  

ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனையில் முகாமுக்கு முந்தைய தயாரிப்பெல்லாம் பலிக்காது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும்; அதற்குள் அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை இந்தச் சோதனை அளக்கிறது. இரண்டு மூன்று மாதக் கணக்கில் இரண்டு நாள் பாகற்காய் எந்த மூலைக்கு? “அதெல்லாம் வேண்டாம்மா, சாதா சுகர் மட்டும் பாருங்க” என்று லேப்பில் சிலர் சொல்வதற்குக் காசு மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.