டெக்சஸில் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி. உங்கள் விசா என்ன?

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் எடுக்காமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். வெளியே தெரிந்தால் உறையில் இருக்க வேண்டும். சட்டம் பற்றி இவ்வளவு போதும். நம் ஆட்கள் மாட்டுவது வேறு இடத்தில்.

"யாருக்குமே லைசென்ஸ் வேண்டாமாம்" என்கிறார்கள். அந்த "யாருக்கும்" என்பதில் எச்1பி (வேலை விசா) கிடையாது, எச்4 (அவர் குடும்பத்துக்கான விசா), எஃப்1 (மாணவர் விசா) கிடையாது, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா அப்பாவும் கிடையாது. இந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய (ஃபெடரல்) சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. மாநிலச் சட்டம் அதை மாற்றாது.

வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் டெக்சஸில் வழக்கமான வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கும்.

கடையில் வாங்கினால் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் விசா பற்றிக் கேள்வி இருக்கிறது. பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். தனியாரிடம் வாங்கினால் படிவமே இல்லை. படிவம் இல்லாததை அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே விற்ற நண்பரும் மாட்டுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் சிட்டிசன், தம்பி எஃப்1. துப்பாக்கி அண்ணன் காரின் கிளவ் பாக்ஸில். அது உள்ளே இருப்பது தெரிந்தே தம்பி அந்தக் காரில்தான் மளிகை வாங்கப் போய்வந்தான். அதுவும் தம்பி துப்பாக்கி "வைத்திருந்ததாக" ஆகலாம் என்று சொன்னதும் இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பூட்டி, சாவியை அண்ணனே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கேட்டுத் தெளியலாம் என்று போன் போட்டேன். மாநில அலுவலகம் "அது ஃபெடரல் விஷயம்" என்றது. ஃபெடரல் அலுவலகம் "சட்ட ஆலோசனை சொல்ல மாட்டோம்" என்றது. ஆளைப் பிடித்து உள்ளே வைக்க மட்டும் யாரும் யாரையும் கைகாட்டுவதில்லை.

கிரீன் கார்டுக்காரர் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தவும் சட்டம் இருக்கிறது. விசா எதுவானாலும், பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் பொதுச் சாலையில் துப்பாக்கியோடு போனாலே மத்தியச் சட்டம் பாயும். மாநிலம் விரும்புகிறவருக்கு இன்னும் தரும் கைத்துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு, லைசென்ஸ் இல்லாதவருக்கு இல்லை. பூட்டிய பெட்டியில் குண்டில்லாமல் இருந்தால் பிழைத்தீர்கள். குழந்தையைத் தினமும் பள்ளியில் விடுகிறவர் 40 டாலர் கட்டி அந்த லைசென்ஸை எடுத்துவிடுங்கள்.