ஒரே ஒரு 'பாசிட்டிவ்' ரிப்போர்ட்டை வைத்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள்

போன வாரமும் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார். 28 வயது. முதல் கர்ப்பம் எட்டாவது வாரத்தில் கலைந்திருக்கிறது. கலைந்து பத்து நாள்கூட ஆகவில்லை, உடம்பில் காய்ச்சல் வேறு, அந்த நேரத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் கார்டியோலிப்பின் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) 22 யூனிட், தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்'. உனக்கு ரத்தம் உறையும் நோய், ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று யாரோ சொல்லியும் விட்டார்கள். இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர்.

ஆன்டிபாடி இருப்பது வேறு, அதனால் ரத்தம் உறையும் நோயான ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் இருப்பது வேறு. சாதாரண வைரஸ் காய்ச்சல், ஏதோ ஒரு தொற்று, சில மருந்துகள் எல்லாமே இந்த ஆன்டிபாடியைக் கொஞ்ச நாளைக்குக் கிளப்பிவிடும், பிறகு தானாக இறங்கிவிடும். அதனால்தான் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறது இந்த நோய்க்கென்று 2006-இல் வந்த சிட்னி வரையறை. கார்டியோலிப்பின் என்றால் இரண்டு முறையும் 40 யூனிட்டைத் தாண்ட வேண்டும், கூடவே ரத்தக்கட்டியோ கர்ப்பச் சிக்கலோ இருக்க வேண்டும். கர்ப்பத்தின் பத்தாவது வாரத்துக்கு முன் ஒரே ஒரு கரு கலைந்தது அந்தக் கணக்கிலேயே வராது. வேறு காரணம் இல்லாமல் அடுத்தடுத்து மூன்று கலைந்திருந்தால்தான் வரும்.

அப்புறம் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், இதுவும் இதே வகை ஆன்டிபாடிதான். பெயரைப் பார்த்து லூபஸ் நோய் என்று பயப்பட வேண்டாம். இது இருந்தால் சோதனைக் குழாயில் ரத்தம் உறைய நேரமாகும், உடம்புக்குள் நேர்மாறாக ரத்தக்கட்டி வரலாம். ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனை) நீண்டிருக்கிறது, ரத்தம் கசியும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், இது என மூன்று ஆன்டிபாடி சோதனைகளில் முக்கியமானது இது, எளிதில் கெட்டுப்போவதும் இதுதான். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். லேப் நண்பர்களே, தயவுசெய்து சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் இரண்டு முறை சுழற்றிய பிறகே பிளாஸ்மாவை உறைய வையுங்கள். மிஞ்சிய தட்டணுக்கள் உடைந்தால் இருக்கிற ஆன்டிபாடியும் தெரியாமல் போய்விடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், ஹெபாரின், ரிவராக்ஸபான் எது எடுத்துக்கொண்டிருந்தாலும் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு தப்பாக வரலாம். சோதனைக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அது உயிரோடு விளையாடுவது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், முடிந்தவரை அதே லேபிலேயே மறுபடி பாருங்கள்.

அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் மேலேயே அடுத்த சோதனைக்கான தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதுவரை மாத்திரை எதுவும் வேண்டாம் என்றதும், "அப்போ எனக்கு நோய் இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். இன்னும் தெரியாதும்மா, 12 வாரம் பொறு என்றேன்.