கழுத்துக் கறுப்பும் கொழுப்பணுவின் மூச்சுத்திணறலும்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "எனக்க மவனுக்கு 14 வயசு, கொஞ்சம் தடியன். பெறங்கழுத்து கறுத்துத் தடிச்சுக் கெடக்கு. பயத்தமாவு போட்டுத் தேய்ச்சும் போவல்ல. கண்ணேறுன்னு கயிறும் கட்டியாச்சு."

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கல்ல. இரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி ஓடும்போது, தோலணுக்களில் வளர்ச்சிக்கென்று இருக்கும் ஏற்பிகளையும் அது தட்டிவிடும். கழுத்து, கக்கம் போன்ற மடிப்புகளில் தோல் தடித்து, வெல்வெட் துணிபோலக் கறுக்கும். நார் போட்டு உரசினால் இன்னும் தடிக்கும். கயிறு வேறு அங்கேயே உரசுகிறது.

இன்சுலின் ஏன் இவ்வளவு? பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோனின் வேகத்தால் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் பிடி கொஞ்சம் தளரும், ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கும். வளர்ந்து முடிந்ததும் சரியாகும். அதன்மேல் தொப்பையும் சேர்ந்தால்தான் சிக்கல்.

தொப்பையை நிரப்பும் கொழுப்பணு என்பது ஒரே ஒரு எண்ணெய்த் துளி, அதைச் சுற்றி மெல்லிய தோல், ஓரத்தில் ஒட்டிய உட்கரு. அவ்வளவுதான். சாதாரணமாக 100 மைக்ரோமீட்டருக்குள் இருக்கும். தீனி மிஞ்சினால் 150ஐயும் தாண்டி ஊதும். இரத்த நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து எட்டுகிற தூரமோ ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரோமீட்டர்தான். அணு ஊதுகிற வேகத்துக்குக் குழாய்கள் பெருகுவதில்லை. மூச்சு முட்டுகிறது. எலிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. மனிதரில் ஆக்சிஜன் குறைவின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஊதிய அணு சாவதில் மட்டும் சந்தேகமில்லை.

செத்த அணுவை அள்ள விழுங்கணுக்கள் வரும். கிருமியானால் ஒரே வாயில் முடிந்துவிடும். இங்கே கிடப்பது 100 மைக்ரோமீட்டருக்கு மேலான எண்ணெய்த் துளி. விழுங்கணுவோ 20 மைக்ரோமீட்டர்தான். எனவே முற்றத்தில் விழுந்த சக்கைச்சுளையை எறும்பு வளைப்பதுபோல, அவை துளியைச் சுற்றி வளையமாக நின்று அரித்துத் தின்னும். நுண்ணோக்கியில் இதைக் கண்ட இத்தாலியர் சவேரியோ சின்டியின் குழு 2005இல் 'மகுடம்' என்று பெயர் வைத்தது. நோய்க்கு இத்தனை அழகான பெயர் வேண்டாம்தான்!

அந்த வளையம் சும்மா தின்பதில்லை, கூச்சலும் போடும். டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதம் கொழுப்பிலிருந்தே கிளம்பி இன்சுலினைத் தடுப்பதை 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் ஆகியோர் எலிகளில் காட்டினார்கள். சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி இன்சுலின் அணுவின் கதவைத் தட்டினால், உள்ளே ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தில் டைரோசின் என்ற கண்ணியில் பாஸ்பேட் ஏற வேண்டும். டிஎன்எஃப் அதைச் செரின் என்ற வேறு கண்ணியில் ஏற்றிவிடுகிறது. செய்தி அங்கேயே நின்றுபோகும். கணையம் இன்னும் ஓங்கித் தட்டுகிறது. கழுத்து கறுக்கிறது.

அதே கூச்சல் ஈரலுக்கும் போக, அது சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கும். இரத்தப் பரிசோதனையில் நுண்ணளவு சிஆர்பி (hs-CRP) லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 3க்கு மேல் ஆகாது என்பார்கள். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் சளிக்காய்ச்சலோ சீழ்ப்பல்லோதான். 2 வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். இந்த வரம்புகள் பெரியவர்களின் இதயநோய்க்கென வகுத்தவை. 14 வயதுக்காரனுக்கு அப்படியே பொருத்துவது, அப்பன் சட்டையை மகனுக்குப் போடுகிற கதை. வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை நம் பிள்ளைகளின் சொந்த வரம்புகளை அளக்கக் கொடுக்கலாம்.

சிஆர்பியைவிட உதவுவது தையல் டேப். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் நிற்கும் இடத்தில், தொப்பைக்குக் கீழே அளந்தால் கணக்கு குறையும். பழைய துணி டேப் இழுபட்டிருந்தாலும் அப்படியே. உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும்: 160 செ.மீ. பையனுக்கு 80. தாண்டினால் வெறும்வயிற்றுச் சர்க்கரை (100க்குள்), இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு (150க்குள்), இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கழுத்து கறுத்தபின் டேப் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

மரச்சீனியும் சாளைக்கறியும் குற்றவாளிகளல்ல. டியூஷன் முடிந்து பேக்கரியில் பப்ஸோடு இறங்கும் 300 மி.லி. குளிர்பானத்தில் சர்க்கரை மட்டும் 30 கிராமுக்கு மேல். அதை நிறுத்தி, தினம் 60 நிமிடம் வியர்க்க ஓடவிடுங்கள். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் தட்டாமலேயே சர்க்கரைக்குக் கதவு திறக்கும். பட்டினி போடவேண்டாம்: எடை ஏறாமல் நின்று, உயரம் ஏறினாலே பாதி வேலை முடிந்தது. கொழுப்பணுக்களின் எண்ணிக்கை குறையாது, அளவு சிறுக்கும். இங்கே அதுதான் வேண்டும். கழுத்து வெளுக்க மாதக்கணக்காகும்.