ஒரு முறைப்பு மூத்திரப்பையைப் புண்ணாக்குவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மூன்று பூனைகள்: அம்மிணி, வெள்ளச்சி, செவலை. புரட்டாசிக் கடைசியில், கொழுந்து பறிக்கப் போன இடத்தில் தேயிலைச் செடிக்கடியில் கத்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குட்டியையும் தூக்கி வந்து சேர்த்துக்கொண்டார்களாம். ஐப்பசி அடைமழை பிடித்ததும் நாலும் வீட்டுக்குள். இரண்டே வாரத்தில் செவலை, ஒன்றுக்குப் போக வைத்திருந்த மண் தட்டை விட்டுவிட்டான். மெத்தையில் போகிறான், துவைத்து மடித்து வைத்த கம்பளியில் போகிறான். கடைசியாகக் கம்பளியில் பார்த்த ஈரம் இளஞ்சிவப்பாக இருந்திருக்கிறது.

"குட்டி வந்த பொறாமையில் பழி வாங்குகிறான் என்கிறார் மாமியார். பூனை படுக்கையை நனைத்தால் வீட்டுக்கு ஆகாது, குட்டி கறுப்பு வேறு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. குட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?"

குட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்று. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகும். திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான், ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மழை, மலைப்பாதை என்று காலை வரை தள்ளிப்போடவும் கூடாது. உடனே வண்டி பிடியுங்கள்.

செவலைக்கு மூத்திரம் வருகிறது, அதுவரை ஆறுதல். ஆனாலும் ரத்தம் கலந்திருப்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கல் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில், இப்படி வருகிறவற்றில் பாதிக்கு மேல் இரண்டுமே இருக்காது. மூத்திரப்பை மட்டும் சிவந்து, வீங்கி, ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஃபீலைன் இடியோபதிக் சிஸ்டைடிஸ்'. பூனைக்கு வரும், காரணம் தெரியாத மூத்திரப்பை அழற்சி என்று பொருள். பெயர் அப்படி இருந்தாலும், காரணத்தில் ஒரு பகுதி இன்று தெரிந்திருக்கிறது. கிருமியே இல்லாத ஒரு புண், எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பூனையின் பார்வையிலிருந்து தொடங்கலாம். படிக்கப் படிக்க எனக்கு அலுக்காத விஷயம் இது.

வீட்டுப் பூனையின் மூதாதை ஃபெலிஸ் லிபிகா என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலி ஒரு ஆளுக்கான சாப்பாடு, அதனால் அது தனியாகவே வேட்டையாடியது. கூட்டமாக வாழும் நாய்க்குச் சண்டை போடவும் தெரியும், வாலைத் தாழ்த்திச் சமாதானம் ஆகவும் தெரியும். பூனையிடம் அந்தச் சமாதான மொழி மிகக் குறைவு. ஒதுங்கிப் போவதுதான் அதன் வழி. ஒரே மதில் சுவரில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று முறை வைத்து நடந்துகொள்ளும். தோட்டம் திறந்திருக்கிற வரை நான்கு பூனைகள் ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்கும். நம் ஊரில் ஐப்பசி வந்தால் அந்தத் தோட்டம் மூடிவிடுகிறது. மழை, மூடுபனி, போதாததற்கு வாசல் வரை வந்துபோகும் சிறுத்தை. ஆறு மணிக்கே கதவைச் சாத்துகிறோம். ஒதுங்கிப் போக இடமில்லை.

குன்னூரில் என் வீட்டில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நடையின் கோடியில் குளியலறை, அதற்குள் மண் தட்டு. நிலைப்படியில் மூத்த பூனை முன்னங்கால்களை மடக்கிப் படுத்திருந்தது. வால் நுனி மட்டும் லேசாக அசைந்தது, கண் இமைக்கவில்லை. சின்னது நடையில் நாலடி வந்தது, நின்றது. எதற்கோ நினைத்துக்கொண்டதுபோல் தோளை நக்கத் தொடங்கியது. பிறகு திரும்பிப் போய்விட்டது. உறுமல் இல்லை, சீறல் இல்லை. கால் மணி கழித்து மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. "எங்க பூனைங்க சண்டையே போடாது" என்று நானும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்தத் திரும்பிப் போதலின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளைத்தண்டில் ஒரு சிறு நரம்புக் கொத்து இருக்கிறது. பெயர் லோகஸ் செருலியஸ். லத்தீனில் 'நீல இடம்' என்று அர்த்தம். மனித மூளையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் நீலம் பாரித்துத் தெரிந்ததால் வந்த பெயர். நீலகிரியில் இருந்துகொண்டு இதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை. உசுப்பிவிடும் ரசாயனமான நாரட்ரினலின் மூளைக்குத் தேவைப்படுவதில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. ஆபத்து என்று கண்ணும் காதும் மூக்கும் அனுப்பும் செய்தி வந்ததும் இது உடம்பை உசுப்புகிறது: இதயம் வேகமெடுக்கும், தசை முறுக்கேறும். இதே இடத்துக்கு இன்னொரு செய்தியும் வருகிறது: மூத்திரப்பை நிரம்புகிறது என்ற செய்தி. பயமும் மூத்திரமும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன! அடக்கிக்கொண்டு நடையில் நிற்கும் பூனைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன.

எல்லாப் பூனைக்கும் இது புண்ணாக முடிவதில்லை. முடிகிற பூனைகளில் நாரட்ரினலினைத் தயாரிக்கும் நொதி இந்த நீல இடத்தில் கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். உசுப்பலை ஓரளவில் நிறுத்துவதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுகளில் ஒன்று, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி விடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன். இந்தப் பூனைகளுக்கு அட்ரினல் சுரப்பி சிறியது, நெருக்கடியில் அது விடும் கார்ட்டிசாலும் குறைவு. குன்னூர் மலைப்பாதையில் இறங்கும் லாரிக்கு ஆக்சிலேட்டரை மிதித்து, பிரேக்கைப் பாதியாகக் கழற்றிவிட்டால் எப்படியோ அப்படி.

இனி மூத்திரப்பைக்கு வருவோம். அதன் உள்சுவரின் மேலடுக்கில் இருக்கும் செல்களுக்குக் குடை செல்கள் என்றே பெயர். அகலமாக விரிந்து, ஒன்றோடொன்று விளிம்பு இறுகி, மங்களூர் ஓடு வேய்ந்த கூரைபோல் கீழே இருப்பதைக் காக்கின்றன. அவற்றின் மேல் வழவழப்பான ஒரு பூச்சும் உண்டு. காக்கத்தான் வேண்டும், ஏனென்றால் வறண்ட நிலத்துப் பிராணியான பூனை, தண்ணீரை மிச்சம் பிடிக்க மூத்திரத்தைக் கடுமையாகச் சுண்டவைத்து வெளியேற்றும். நாரட்ரினலின் நாள்கணக்கில் பாய்ந்துகொண்டே இருந்தால் இந்தச் சுவரின் கட்டு தளர்கிறது. பூச்சும் இந்தப் பூனைகளுக்கு மெலிந்திருக்கிறது. ஓடு நகர்ந்த இடத்தில் மழை இறங்குவதுபோல், மூத்திரத்தில் உள்ள பொட்டாசியமும் மற்ற உப்புகளும் அடியில் இருக்கும் நரம்பு நுனிகளைத் தொடுகின்றன. எரிச்சல் அடைந்த நரம்பு, மூளைக்கு வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை. தன் நுனியிலிருந்தே சில ரசாயனங்களைச் சுற்றிலும் கக்குகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, கசிகின்றன. கம்பளியில் அந்த அம்மா பார்த்த இளஞ்சிவப்பு அதுதான்.

மண் தட்டில் உட்கார்ந்தபோது வலித்ததால், வலியைத் தந்தது தட்டுதான் என்று பூனை கற்றுக்கொள்கிறது. வலிக்காத இடம் தேடி மெத்தென்ற கம்பளிக்குப் போகிறது. இதில் பழி எங்கே இருக்கிறது?

இந்தப் பாதையைத் துலக்கியதில் பெரும்பங்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவருக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் உரியது. 2006இல் வெளியான ஆய்வில், வீடுகளில் வாழும் 46 பூனைகளின் சுற்றுச்சூழலை மாற்றிப் பார்த்தார்கள்: ஒளிய இடம், ஏற இடம், தனித்தனி வட்டில், விளையாட்டு. பத்து மாதம் கவனித்ததில் மூத்திரத் தொல்லை மட்டுமின்றி அவற்றின் பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன. 2011இல் வெளியான ஆய்வில், இந்த நோய் உள்ள 20 பூனைகளையும் நல்ல ஆரோக்கியமான 12 பூனைகளையும் சேர்த்து வைத்துக் கவனித்தார்கள். பராமரிப்பு நேரம் தவறுவது, ஆள் மாறுவது போன்ற சின்ன மாற்றங்களுக்கே, ஆரோக்கியமான பூனைகளும் தட்டுக்கு வெளியே போயின, தீனியைக் குறைத்தன.

பூனைக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. பெண்களை அதிகம் வாட்டும் ஒரு மூத்திரப்பை வலி நோய் இருக்கிறது. அதிலும் கிருமி கிடைக்காது. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். அந்த நோயைப் புரிந்துகொள்ள உதவிய பிராணிகளில் முக்கியமானது இந்த வீட்டுப் பூனை. வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடி 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தைத் தொடங்கிய மலை இது. சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மலை. வளர்ப்புப் பிராணிகளின் மன அழுத்தத்துக்கும் இங்கே ஒரு சிறு நிதி ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

திருஷ்டி சுற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணியும். அந்த வாரத்தில் என்ன செய்தாலும் பலித்த மாதிரி இருக்கும். திருநீறு பூசினாலும் பலிக்கும், கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் பலிக்கும். நடையில் அந்த முறைப்பு தொடர்கிற வரை, புண் மறுபடி வரும்.

நம் மலைக்கே உரிய ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வாடை போக நீலகிரித் தைலம் விட்டுத் தரையைத் துடைக்கிறோம். நானும் முன்பு செய்திருக்கிறேன். தைலங்களையும் பினாயில் வகைகளையும் முறித்து வெளியேற்றும் ஈரல் வழி பூனைக்கு மிகவும் பலவீனம், அதனால் அது பாதத்தை நக்கும்போது உள்ளே போவது விஷம். இதே காரணத்தால் பாராசிட்டமால் அரை மாத்திரைகூட ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதும். வலியாக இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். கம்பளியைச் சோப்புத்தூளில் நன்றாக ஊறவைத்துத் துவையுங்கள், முடிந்தால் நொதி கலந்த கழுவு திரவம் வாங்குங்கள். பலகைத் தரையில் ஊறிய மூத்திரம், காய்ந்த பிறகும் மூடுபனி ஈரத்தில் திரும்ப வாடை கிளப்பும். நமக்குத் தெரியாத அளவிலும் பூனைக்குத் தெரியும்.

சரி, கோத்தகிரி வீடு. இரண்டு தட்டு வைத்திருப்பதாகவும் இரண்டும் பின்கட்டுக் குளியலறையில் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது பொதுக் கணக்கு, அப்படியானால் ஐந்து. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஐந்து வைத்தாலும் பூனைக்கு அது ஒரே இடம்தான், நிலைப்படியில் ஒருத்தி உட்கார்ந்தால் ஐந்தும் அவளுடையதாகிவிடும். ஒன்றைக் கண்ணாடி வராந்தாவில் வையுங்கள், ஒன்றைக் கூடத்து மூலையில், இரண்டு பக்கமும் ஓட வழி இருக்கும்படி. மூடி வேண்டாம். லிட்டர் பாக்ஸ் என்று கடையில் விற்கும் மண் தட்டு பெரும்பாலும் சிறியது, குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப் அதைவிட நல்லது. நைசான மணல் நாலு செ.மீ. உயரம், காலையும் மாலையும் அள்ளிவிட வேண்டும். வலியோடு பழகிய பழைய தட்டைச் செவலை தொடாமலே போகலாம், புதியதை அவன் ஏற்பான். அவன் சாப்பாட்டில் தண்ணீர் அதிகம் சேரட்டும், மூத்திரம் நீர்த்துப் போனால் சுவருக்கு அவ்வளவு எரிச்சல் இருக்காது.

மலையில் பூனைகள் சத்தமில்லாமல் போட்டி போடுவது சூட்டுக்காகவும்தான். அடுப்படியில் ஒரே ஒரு கதகதப்பான இடம் இருந்தால் அதை ஒருத்தி பிடித்துக்கொள்வாள். வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு உயரத்தில், கம்பளித் துண்டு போட்ட அட்டைப்பெட்டிகள் நாலைந்து வையுங்கள். அலமாரி உச்சியில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

குட்டியைக் கொடுக்க வேண்டாம். கறுப்பு அதன் ரோமத்தின் நிறமி, அவ்வளவுதான். ஆனால் அதை அறிமுகப்படுத்திய வேகம் அதிகம். இரண்டு மூன்று வாரம் தனி அறையில், கதவு சாத்தி, தனித் தட்டோடு வையுங்கள். ஒரு பழைய பனியன் துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி, அந்தத் துணியை அம்மிணியும் செவலையும் சாப்பிடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். அவர்கள் வாடை படிந்த துணியைக் குட்டியின் அறைக்குக் கொண்டுவாருங்கள். அம்மிணி மோந்துவிட்டுச் சீறினால் மறுநாள் வேறு துணி. மோந்துவிட்டு அதன் மேலேயே சுருண்டு படுத்தாள் என்றால், அன்று சாயந்திரம் கதவை இரண்டு விரல் அகலம் திறந்து, இரண்டு பக்கமும் மீன் வையுங்கள்.