மாற்றம் செய்த காருக்கு இன்சூரன்ஸ்: பிரீமியம் எங்கே ஏறுகிறது, எப்படிக் குறைப்பது?

அலாய் வீல், ரீமேப் (என்ஜின் மென்பொருளை மாற்றி பவரைக் கூட்டுவது), சஸ்பென்ஷன் என்று காரில் பல மாற்றங்களைச் செய்துவிட்டு, பிரீமியம் ஏறுமே என்று அவற்றில் ஒன்றிரண்டை மறைப்பவர்கள் நிறைய. இது மிக ஆபத்தான சிக்கனம். விபத்துக்குப் பின் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். ரீமேப்பை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல கார்களில் பதிவாகிறது; பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் அந்த எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடத்தான் செய்யும். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் தொகை குறையலாம், மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். பழைய கார் வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களையும் சொல்லியாக வேண்டும்.

எந்த மாற்றத்தையும் நிறுவனம் மூன்று கோணத்தில் பார்க்கிறது: விபத்து வாய்ப்பு கூடுகிறதா, திருடர் கண்ணை இழுக்கிறதா, பழுது பார்க்கச் செலவு ஏறுகிறதா. டர்போவும் ரீமேப்பும் முதல் கேள்வியில் மாட்டும். விலை உயர்ந்த ஆடியோவும் வீலும் மற்ற இரண்டிலும். பார்க்கிங் சென்சார், மாற்றுத்திறனாளிகளுக்கான கைக் கட்டுப்பாடு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பிரீமியம் ஏறாது.

சாதாரணமாகத் தோன்றும் வீல் மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. அதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் ஏறக்குறைய அதேதான். 205/55 ஆர்17 போட்டாலோ 657 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 6 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகும். திருப்பத்தில் டயர் ஃபெண்டரில் உரசவும் கூடும். விட்டத்தில் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும்; டயரின் லோட் இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்ற குறியீடு) பழையதைவிடக் குறையவே கூடாது. ஸ்டீயரிங்கை மாற்றி ஏர்பேக்கை இழப்பதும், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு அதை அடைக்கும் உறை போடுவதும் உயிருக்கே உலை வைப்பவை. பிரீமியம் அப்புறம்தான்.

செலவைக் குறைக்க முதல் வேலை, பட்டியல் தயாரிப்பது. ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளர், பார்ட் நம்பர், பொருத்திய தேதி, பொருத்திய ஒர்க்‌ஷாப், பில், படம் எல்லாம் வேண்டும். “ரீமேப்” என்று மட்டும் எழுதாமல், பவர் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு ஏறியது என்று டைனோ (பவரை அளக்கும் கருவி) அறிக்கையோடு கொடுங்கள். விவரம் தெளிவில்லாத இடத்தில் நிறுவனம் மோசமானதைக் கணக்கில் வைத்தே விலை போடும். அல்லது வேண்டாம் என்றுவிடும். ஆன்லைன் படிவத்தில் உங்கள் மாற்றத்துக்குக் கட்டமே இல்லையென்றால், பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாற்றம் செய்த வண்டிகளைக் கையாளும் புரோக்கரிடம் போங்கள்.

ஒப்பிடும்போது எல்லா இடத்திலும் வண்டி மதிப்பும் டிடக்டிபிளும் (கிளெய்மில் நீங்கள் கையிலிருந்து கட்டும் தொகை) ஒன்றாக இருக்க வேண்டும். கூடவே கேளுங்கள்: மாற்றிய பாகம் உடைந்தால் அதே பாகம் கிடைக்குமா, கார் கம்பெனியின் ஒரிஜினல் பாகம் மட்டுமா? வண்டி முழுதும் போனால் முன்பே ஒப்புக்கொண்ட தொகையா, சந்தை மதிப்பா? சந்தை மதிப்பு என்றால் நீங்கள் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பாது.

டிடக்டிபிளைக் கூட்டினால் பிரீமியம் குறையும். ஆனால் கையில் அந்தத் தொகை எப்போதும் இருக்க வேண்டும். குறைவாக ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் வரம்புள்ள பாலிசி கேட்கலாம். டிராக்கர், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத கருவி) இருந்தால் சொல்லுங்கள், தள்ளுபடி கிடைக்கலாம்.

பாலிசி வந்ததும் உங்கள் மாற்றங்கள் ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனில் “சரி சார்” என்றது கிளெய்ம் நேரத்தில் நிற்காது. நடுவில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும், பொருத்துவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு பிரீமியம் கட்டுப்படியாகாவிட்டால் அவற்றைத் திரும்பப் பொருத்தி, அதற்கான பில்லோடு மறுபடி விலை கேட்கலாம்.